ஹஸ்ரத் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

சிறுசேரி, படூர், கேளம்பாக்கம், தையூர் என்று பழைய மகாபலிபுரம் சாலையோரமாகக் குடியேறியிருக்கும் படித்த முஸ்லிம் குடும்பங்களில் ஒரு கருத்து இன்று ஏறக்குறைய முடிந்த முடிவாகவே ஆகிவிட்டது. 'இஸ்லாத்தில் புரோகிதர் கிடையாது. குர்ஆன் தமிழில் இருக்கிறது, ஹதீஸ் நூல்கள் கைப்பேசியில் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். ஐவேளைத் தொழுகை நடத்தவும், பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கவும், நிக்காஹ் நடத்தி வைக்கவும் ஒரு ஹஸ்ரத் இருந்தால் போதும். மார்க்கத்தை அவரிடம்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. உலகம் தெரியாத அவரைவிடப் படித்த நமக்கு நன்றாகவே புரியும்.'

இப்படிச் சொல்பவர்கள் மார்க்கத்தை வெறுப்பவர்கள் அல்லர். தொழுகிறார்கள், நோன்பு வைக்கிறார்கள், ரமலானில் கணக்குப் பார்த்து ஜகாத் கொடுக்கிறார்கள். நல்லவர்கள் சொல்வதாலேயே இந்தக் கருத்து எளிதில் பரவுகிறது. ஆகவே இதைக் கேட்டும் கேளாததுபோல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இது தவறு. அடுத்த தலைமுறையின் மார்க்கத்தையே பலவீனமாக்கிவிடும் தவறு.

முதலில் புரோகிதர் வாதம். இஸ்லாத்தில் புரோகிதர் இல்லை என்பது முழு உண்மை. இறைவனுக்கும் அடியானுக்கும் நடுவில் யாரும் நிற்க முடியாது. எவர் பிறப்பும் எவர் பரம்பரையும் மார்க்கத்தைப் பேசும் உரிமையைத் தந்துவிடாது. ஆனால், பிறப்பு தகுதி தராத இடத்தில் வேறு எது தகுதி தரும்? படிப்பு ஒன்றுதான் தரும். மக்காவின் அதா இப்னு அபீ ரபாஹ் விடுதலை செய்யப்பட்ட அடிமை. கறுத்த நிறம், ஊனமுற்ற கால். உமையாக்களின் ஆட்சியில், ஹஜ்ஜுடைய நாட்களில் மக்காவில் ஃபத்வா சொல்லும் இடம் அவருக்குத்தான் இருந்தது. குறைஷிக் குலத்துப் பெரிய மனிதர்கள் அவர் முன் உட்கார்ந்து கேட்டுப் போனார்கள். இமாம் அபூஹனீஃபா துணி வியாபாரி. இமாம் ஷாஃபிஈ தகப்பனில்லாத பிள்ளை, ஏழைத்தாய் வளர்த்த பிள்ளை. இவர்களை உயர்த்தியது குலமோ செல்வமோ இல்லை. புரோகிதர் இல்லாத மார்க்கத்துக்குத்தான் மார்க்கம் ஓதிய ஆலிம் மிக அதிகமாகத் தேவைப்படுகிறார். ஆலிம்களும் விலகிவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. உரக்கப் பேசுபவர் வந்து உட்கார்ந்துகொள்வார்.

அடுத்தது, 'குர்ஆன்தான் தமிழில் இருக்கிறதே' என்பது. ஆம், இருக்கிறது. அதை நமக்குத் தந்தவர் யார்? குர்ஆனை முழுமையாகத் தமிழாக்கம் செய்த முன்னோடி ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி. பெயரில் இருக்கும் 'பாகவி' வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதித் தேறியவர் என்பதற்கான அடையாளம். பல ஆண்டு உழைப்பு அந்தத் தமிழாக்கத்தில் இருக்கிறது. அதற்கும் முன்னால், அச்சில் தமிழ்க் குர்ஆன் இல்லாத காலத்தில் மார்க்கச் சட்டங்களை மக்கள் எப்படிப் படித்தார்கள்? கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்ற சையிது முஹம்மது ஆலிம் (1816–1898) அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் 'மகானீ', 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற நூல்களை எழுதித் தந்தார். பள்ளிக்கூடம் போகாத பெண்கள் வீட்டுக்குள்ளிருந்தே அவற்றைப் படித்து மஸ்அலா தெரிந்துகொண்டார்கள். ஆலிம் கொடுத்த தமிழாக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆலிம் எதற்கு என்று கேட்பது நன்றியில்லாத பேச்சு.

தமிழாக்கம் மட்டும் போதும் என்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். நம் பகுதியில் அடிக்கடி நேரும் நிலைமைதான் இது. தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஒருவர் நடுவயதில் இறந்துவிடுகிறார். மனைவி இருக்கிறார், இரண்டு பெண்மக்கள் இருக்கிறார்கள், ஊரில் தாயும் தந்தையும் உயிரோடு இருக்கிறார்கள். கடனெல்லாம் போக 54 லட்சம் ரூபாய் மிஞ்சுகிறது. அன்னிஸா அத்தியாயத்தின் 11, 12-ஆம் வசனங்களைத் திறந்தால் பங்குகள் தெளிவாக இருக்கின்றன. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. தாய்க்கு ஆறில் ஒன்று, தந்தைக்கு ஆறில் ஒன்று. பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு.

இங்கேயே முதல் கேள்வி எழுகிறது. மூன்றில் இரண்டு என்ற பங்கை வசனம் இரண்டுக்கு மேற்பட்ட பெண்மக்களுக்குச் சொல்கிறது; ஒரே மகள் என்றால் பாதி என்கிறது. சரியாக இரண்டு பேர் இருந்தால்? உஹதுப் போரில் உயிர்நீத்த ஸஅது இப்னு ரபீஉ அவர்களின் மனைவி தம் இரண்டு மகள்களோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, சொத்தைப் பிள்ளைகளின் சிறிய தந்தை எடுத்துக்கொண்டார் என்று முறையிட்டார். மகள்களுக்கு மூன்றில் இரண்டும் தாய்க்கு எட்டில் ஒன்றும் கொடுத்துவிட்டு மீதியை அவர் எடுத்துக்கொள்ளும்படி நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பைக் காப்பாற்றி நம்மிடம் சேர்த்தவர்கள் ஹதீஸ் அறிஞர்கள்.

சரி, பங்கு தெரிந்துவிட்டது. கூட்டிப் பாருங்கள். மனைவிக்கு 6.75 லட்சம், பெண்மக்களுக்கு 36 லட்சம், தாய்க்கு 9, தந்தைக்கு 9. மொத்தம் 60.75 லட்சம். கையில் இருப்பதோ 54. யார் பங்கைக் குறைப்பது? குர்ஆன் கொடுத்த பங்கில் கை வைக்க யாருக்கு உரிமை இருக்கிறது? உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் இதே வகைச் சிக்கல் வந்தபோது அவர்கள் தாமாக முடிவெடுக்கவில்லை. நபித்தோழர்களைக் கூட்டி ஆலோசித்தார்கள். எவரையும் விலக்காமல், எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறைப்பது என்ற முறை பிறந்தது. 'அவ்ல்' என்று அதற்குப் பெயர். நான் சொன்ன இந்தக் குடும்ப அமைப்பையே அலீ (ரலி) அவர்களிடம் அவர்கள் மிம்பரில் நின்றுகொண்டிருந்தபோது ஒருவர் கேட்டாராம். மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று அந்த இடத்திலேயே விடை சொன்னார்கள். ஆகவே 24 பங்காக இருந்த சொத்து 27 பங்காகிறது. மனைவிக்கு 6 லட்சம், மகள்களுக்குத் தலா 16, பெற்றோருக்குத் தலா 8. கூட்டினால் சரியாக 54. இப்னு அப்பாஸ் (ரலி) இந்த முறையில் மாறுபட்டார் என்பதும், அவர் வாதம் என்ன என்பதும், அறிஞர்களில் மிகப் பெரும்பாலோர் அதை ஏன் ஏற்கவில்லை என்பதும் ஃபராயிழ் என்னும் வாரிசுரிமைக் கல்வி ஓதிய ஒவ்வொரு மாணவருக்கும் தெரியும். கைப்பேசியில் இருக்கும் வாரிசுரிமைச் செயலியும் இதே விடையைத்தான் தரும். அந்தச் செயலியை எழுதியவர் இந்த அறிஞர்களின் முடிவை எடுத்து உள்ளே வைத்திருக்கிறார். அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு நம் வீட்டுக்குள் முடிகிற விஷயமும் இல்லை. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி நம் நாட்டு நீதிமன்றங்கள் முஸ்லிம்களின் வாரிசுரிமையை இந்த விதிகளின்படியே தீர்க்கின்றன. அந்தச் சட்டம் விவசாய நிலத்தை விட்டு வைத்திருந்தது. 1949-இல் சென்னை மாகாணம் திருத்தம் கொண்டுவந்து அதையும் சேர்த்தது. நேற்றுவரை வயலாக இருந்து இன்று அடுக்குமாடியாக எழும் நம் பகுதி நிலங்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

'கைப்பேசியில் விடை இருக்கிறது' என்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேர்ந்த முஃப்தியிடம் இப்படி ஒரு சொத்தைப் பற்றிக் கேட்டால் உடனே பங்கு சொல்ல மாட்டார். திருப்பிக் கேட்பார். கஃபன், அடக்கச் செலவு கொடுத்தாயிற்றா? கடன் இருக்கிறதா? மனைவிக்குத் தர வேண்டிய மஹர் பாக்கி இருக்கிறதா? இருந்தால் அதுவும் கடன்தான், முதலில் அதைக் கொடுங்கள். வஸிய்யத் எழுதினாரா, அது மூன்றில் ஒன்றைத் தாண்டுகிறதா? வீட்டுக்கு முன்பணம் கட்ட மனைவியின் நகையை விற்றார்களா, அப்போது அதைக் கைமாற்றாக வாங்கினாரா, மனைவி மனமுவந்து கொடுத்தாரா? வங்கியில் நாமினியாக யார் பெயர் இருக்கிறது? நாமினி பணத்தை வாங்கி வைக்கும் பொறுப்பாளர்தான், உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே பலமுறை சொல்லியிருக்கிறது; அது புரியாமல் எத்தனையோ குடும்பங்களில் தாய்க்கும் தந்தைக்கும் சேர வேண்டியது சேராமல் போகிறது. இந்தக் கேள்விகளில் ஒன்று விட்டுப்போனாலும் தீர்ப்பு தப்பு. தேடுபொறி கேட்டதற்கு விடை தரும். கேட்க மறந்ததைக் கேட்பது ஆலிம்.

பொறுப்பு என்ற ஒன்றும் இருக்கிறது. சிறுசேரி வளாகங்களில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரியும். ஒரு வரி நிரலை மாற்றினாலும் மாற்றியவர் யார், சரிபார்த்தவர் யார், என்றைக்கு என்ற பதிவு இல்லாமல் அது பயன்பாட்டுக்குப் போகாது. ஹதீஸ் அறிஞர்கள் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஒழுங்கைக் கட்டிவிட்டார்கள். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, அவர் நினைவாற்றல் எப்படி, பொய் சொன்னதுண்டா என்று ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்க்கையைத் துருவி ஆராய்ந்தார்கள். ஓதிக் கொடுத்த உஸ்தாது, அவருடைய உஸ்தாது என்று சங்கிலி அறாமல் வருவதால்தான் ஆலிம் கையில் வாங்கும் ஸனது என்ற சான்றுக்கு மதிப்பு. பெயர் தெரியாத ஒருவர் இரண்டு நிமிடக் காணொளியில் சொன்னதைக் கேட்டு ஒரு தலாக்கையோ ஒரு ஜகாத்தையோ முடிவு செய்பவர், தம் அலுவலகத்தில் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாத அலட்சியத்தைத் தம் ஆகிரத்தில் காட்டுகிறார். இமாம் மாலிக்கிடம் நெடுந்தொலைவிலிருந்து வந்து பல கேள்விகள் கேட்டவருக்கு, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 'எனக்குத் தெரியாது' என்றே பதில் கிடைத்தது. அந்தச் சொல்லைச் சொல்லக் கற்றுக்கொள்வதற்கே நீண்ட படிப்பு வேண்டும். தேடுபொறியில் அந்த அடக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

ஆலிம்கள் உலகம் தெரியாதவர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. வங்கி, பங்குச்சந்தை, மருத்துவம், பதிவுச் சட்டம் இவற்றில் தடுமாறும் ஆலிம்கள் நம்மிடையே உண்டு. ஆனால் இது அந்தக் கல்வியின் இயல்பா? நம் மதரஸாக்களின் பாடத்திட்டத்துக்கு அடித்தளமான தர்ஸே நிஜாமியை லக்னோவின் முல்லா நிஜாமுத்தீன் வகுத்தபோது தர்க்கமும் தத்துவமும் கணிதமும் வானவியலும் அதில் இருந்தன. அவருடைய மகன் பஹ்ருல் உலூம் அப்துல் அலீயை ஆற்காட்டு நவாப் வாலாஜா சென்னைக்கு அழைத்துக்கொண்டார். வந்தவருடைய பல்லக்குக்கு நவாபே தோள் கொடுத்தார் என்று சொல்வார்கள். 1810-இல் மறைந்த அந்தப் பேரறிஞரின் அடக்கத்தலம் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் இருக்கிறது. அந்த நாளில் மிகக் கூர்மையான மூளைகள் இந்தக் கல்விக்கு வந்தன. ஆள்பவர்கள் அதற்கு மதிப்புக் கொடுத்தார்கள்.

இன்று நாம் என்ன செய்கிறோம்? கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறோம். படிப்பு ஏறாத பிள்ளையையும் அடங்காத பிள்ளையையும் மதரஸாவில் சேர்க்கிறோம். ஏழு வருடம் ஓதி ஆலிமாக அவன் வந்து நிற்கும்போது உலகம் தெரியவில்லை என்று குறை சொல்கிறோம். அவன் தன் முயற்சியால் பட்டப்படிப்பையும் சேர்த்துப் படித்தால் அதற்கு நாம் ஒரு ரூபாய் கொடுத்திருக்க மாட்டோம். வழி இல்லாமலும் இல்லை. மார்க்கக் கல்வியின் பார்வை விரிய வேண்டும் என்ற எண்ணத்தோடு உமராபாத்தில் 1924-இலேயே ஜாமிஆ தாருஸ்ஸலாம் எழுந்தது. நம் கேளம்பாக்கம் சாலையின் மறுமுனையான வண்டலூரில் கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் 1984-இல் தொடங்கிய கிரசென்ட் பொறியியல் கல்லூரி இன்று பல்கலைக்கழக அளவில் வளர்ந்து, அரபு–இஸ்லாமியக் கல்விக்கென்றே ஒரு பிரிவை நடத்துகிறது. பொறியியலும் ஃபிக்ஹும் ஒரே வளாகத்தில் இருக்க முடியும் என்பதற்கு வெளியூர் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. பாடத்திட்டம் மாற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்த மாற்றத்தைக் கேட்கும் தகுதி, கல்விக்குப் பிள்ளையும் பணமும் கொடுப்பவர்களுக்குத்தான் உண்டு.

'ஆலிம்கள்தான் மத்ஹபு என்றும் கொள்கை என்றும் சமுதாயத்தைப் பிரித்தார்கள்' என்றும் சொல்கிறார்கள். நம் பள்ளிவாசல்களின் ஸஃப்பைப் பாருங்கள். கீழக்கரை, காயல்பட்டினத்திலிருந்து வந்தவர் ஷாஃபிஈ. வாணியம்பாடி, ஆம்பூரிலிருந்து வந்தவர் ஹனஃபி. பக்கத்தில் மலபாரிலிருந்து வந்த மாப்பிள்ளை, அவருக்கு அடுத்து பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த இளைஞர். ஒருவர் ஆமீனைச் சத்தமாகச் சொல்கிறார், மற்றவர் மெதுவாகச் சொல்கிறார். அஸர் நேரமே இருவருக்கும் வேறு: பொருளின் நிழல் ஒரு மடங்கு நீண்டதும் ஷாஃபிஈக்கு நேரம் வந்துவிடுகிறது, ஹனஃபிக்கு இரண்டு மடங்கு ஆக வேண்டும். சென்னையில் இந்த இடைவெளி ஏறக்குறைய ஒரு மணி நேரம். இத்தனை பேரையும் ஒரே இமாமுக்குப் பின்னால் சண்டையில்லாமல் நிறுத்தி வைத்திருப்பது எது? இரண்டு முறைக்கும் ஆதாரம் உண்டு என்று தெரிந்த ஒரு ஹஸ்ரத்தின் கல்விதான். ஒரேயொரு நூலை அரைகுறையாகப் படித்தவருக்கு எதிர்க்கருத்து எல்லாம் வழிகேடாகத் தெரியும். கருத்து வேறுபாட்டின் வரலாற்றை ஓதியவர் பொறுமையாக இருப்பார். ஊர்களில் பள்ளிவாசல் பிளந்த கதைகளை விசாரித்தால், நிர்வாகப் போட்டியும் மேடைப்பேச்சும் எவ்வளவு காரணம் என்பது தெரியவரும்.

தவறே செய்யாத கூட்டம் உலமாக்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்லும் வழக்கத்தைப் பல ஃபிக்ஹ் நூல்களே பாவமான தலாக் என்று வகைப்படுத்தி வைத்திருக்கின்றன. அந்தப் பாவத்தைச் செய்த ஆண்களைக் கண்டித்து நிறுத்த வேண்டிய இடத்தில் பலர் மௌனமாக இருந்தார்கள். பாதிக்கப்பட்ட பெண்கள் நீதிமன்றம் போக வேண்டி வந்தது. 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. நிலைமை அதுவரை போனது வேதனை. ஆனால், அப்படிச் சொன்ன மூன்றும் ஒன்றாகவே எண்ணப்பட வேண்டும் என்று ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே துணிந்து சொன்ன இப்னு தைமிய்யாவும் ஓர் ஆலிம்தான். ஆலிமின் பிழையைத் திருத்தும் கருவியும் இல்முக்குள்ளேயே இருக்கிறது. உலகாசை கொண்ட உலமாவை இமாம் கஸ்ஸாலியைவிடக் கடுமையாகக் கண்டித்தவர் அரிது. அந்தக் கண்டனத்தை அவர் எழுதியது 'இஹ்யா'வின் முதல் பகுதியான கல்வி பற்றிய நூலில். கல்வியை உயர்த்திப் பேசும் இடத்திலேயே கற்றவரின் நோயையும் சொன்னார். நோயைச் சொன்னதால் கல்வி வேண்டாம் என்ற முடிவுக்கு அவர் போகவில்லை.

பெண்கள் விஷயத்திலும் கல்வியே விடை. ஆயிஷா (ரலி) அவர்கள் மூத்த நபித்தோழர்களின் அறிவிப்புகளையே திருத்தியவர்கள். ஸஹீஹுல் புகாரியை மக்காவில் பாடம் நடத்திய கரீமா அல்மர்வஸிய்யாவிடம் ஆண் அறிஞர்கள் வந்து படித்துப் போனார்கள். தமிழகத்தின் நிஸ்வான் மதரஸாக்களில் ஓதி ஆலிமாவாக வெளியே வரும் பெண்கள் அந்த வரிசையின் வாரிசுகள். மாதவிடாய், இத்தா, குலா என்று ஆணிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளை ஒரு பெண் அவர்களிடம் கேட்கலாம். ஆனால் கல்யாணமானதும் அவர்களைச் சமையலறையோடு நிறுத்திவிட்டு, நம் பெண்கள் காணொளியில் விடை தேடுகிறார்கள்.

ஆலிமின் மதிப்புக் குறைந்ததற்குக் காரணம் அவர் கல்வி காலாவதியானது என்கிறார்கள். நான் ஒப்பவில்லை. மதிப்பைக் குறைத்தது நாம் நடத்தும் விதம். சுபுஹுக்கு முன் எழுந்து இஷா முடிந்து கதவைச் சாத்தும்வரை ஒரு மனிதர் பள்ளிவாசலோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறார். குடும்பம் ஊரில் இருக்கிறது. பல இடங்களில் சம்பளம் நம் பகுதியில் ஒரு சிறு வீட்டின் வாடகைக்கே போதாது. ஜும்ஆ பயானில் வட்டியைப் பற்றியோ வரதட்சணையைப் பற்றியோ அழுத்தமாகப் பேசினால், நிர்வாகத்தில் ஒருவர் முகம் சுளிப்பார். அடுத்த மாதம் வேறு ஹஸ்ரத் தேடுவார்கள். இமாம்களுக்கு ஊதியம் பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1993-இலேயே சொன்னது. முதிய உலமாக்களுக்கு வக்ஃபு வாரியம் ஓய்வூதியம் கொடுக்கிறது. 2009-இல் உலமாக்களுக்கென நல வாரியமும் அமைந்தது. அரசும் நீதிமன்றமும் நினைத்துப் பார்த்த அளவுக்குக்கூட ஜமாஅத் நினைத்துப் பார்க்கவில்லை என்றால் அது யார் குறை? கல்வி மனிதர்களிடமிருந்து பறித்து எடுக்கப்படுவதில்லை, கற்றவர்கள் மறைவதால் அது மறைகிறது, பிறகு அறியாதவர்கள் தலைமைக்கு வந்து தாமும் வழிதவறிப் பிறரையும் வழிதவறச் செய்வார்கள் என்று நபியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். இறந்துபோகும் ஆலிம்களால் மட்டும் வரும் இழப்பு அல்ல இது. வறுமை தாங்காமல் ஸனதைப் பெட்டியில் வைத்துவிட்டு வளைகுடாவுக்குக் கடை வேலைக்குப் போகும் ஒவ்வொரு இளம் ஆலிமோடும் இந்த இழப்பு நடக்கிறது.

ஆகவே, ஜமாஅத்தார்களே, செய்ய வேண்டியது தெளிவாக இருக்கிறது. ஹஸ்ரத்துக்குக் குடும்பத்தோடு வாழப் போதுமான சம்பளமும் வீடும் கொடுங்கள். ஆண்டுக்கு ஒரு தொகையை அவர் நூல் வாங்கவும் மேற்படிப்பு படிக்கவும் ஒதுக்குங்கள். மிம்பரில் அவர் சொல்லும் உண்மைக்காக அவரை வேலையை விட்டு நீக்க முடியாதபடி விதி எழுதுங்கள். பொருளாதாரமும் சட்டமும் மருத்துவமும் தெரிந்த ஜமாஅத்துக்காரர்கள் மாதம் ஒருமுறை அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். உங்களுக்குத் தெரிந்ததை அவருக்குச் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்ததை நீங்கள் கேளுங்கள். ஆலிமா ஒருவரை முறையான சம்பளத்தோடு நியமியுங்கள். உங்கள் வீட்டில் மிகக் கெட்டிக்காரப் பிள்ளை எதுவோ, அந்தப் பிள்ளையை ஓத அனுப்புவது பற்றி வீட்டில் பேசுங்கள். இதற்கெல்லாம் அரசாணை வேண்டாம், வெளிநாட்டு நன்கொடை வேண்டாம். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில், மினாராவின் உயரத்தையும் குளிரூட்டியின் விலையையும் பேசுவதற்கு முன்னால், முதல் பொருளாக இதை எடுத்து முடிவு செய்யுங்கள்.